இணைப் பிரபஞ்சங்கள் இருக்க முடியுமா? இயற்பியல் எதுவரை ஒப்புக்கொள்கிறது

இணைப் பிரபஞ்சங்களுக்கு இயற்பியலில் இடம் உண்டா, அங்கே இன்னொரு ‘நான்’ வாழ்ந்துகொண்டிருக்க முடியுமா, முடிந்தால் அங்கே போய்வர வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போக முடியாது. சோதனைகளில் தேறி நிற்கும் எந்தக் கோட்பாட்டிலும் அதற்கு வழி இல்லை. இருக்க முடியுமா என்றால், முடியும். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. இருக்கிறது என்பதற்குச் சான்று உண்டா என்றால், நேரடிச் சான்று ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.

இதோடு நிறுத்தினாலும் பதில் சரிதான், ஆனால் விஷயத்தின் சுவை போய்விடும். இயற்பியலில் ‘இணைப் பிரபஞ்சக் கோட்பாடு’ என்று தனியாக ஒன்று கிடையாது. பிரபஞ்சங்களைப் பெருக்க ஆசைப்பட்டு யாரும் சமன்பாடு எழுதவில்லை. வேறு ஏதோ ஒரு சிக்கலை அவிழ்க்க ஒரு கோட்பாட்டை எழுதுகிறார்கள். அதன் விளைவுகளைத் தயங்காமல் கடைசிவரை தொடர்ந்து போனால், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பல பிரபஞ்சங்கள் வந்து நிற்கின்றன. இப்படி வந்து சேர்ந்தவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு கருத்துகள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் இவ்வளவு குழப்பம். ஒவ்வொன்றிலும் நாம் கேட்க வேண்டியது, அதைப் பெற்றெடுத்த தாய்க்கோட்பாடு எவ்வளவு உறுதியானது என்பதைத்தான்.

எளிமையானதிலிருந்து தொடங்குகிறேன். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். ஒளி நம்மை வந்தடையக் கிடைத்த காலம் அவ்வளவுதான். அதற்குள் வெளியும் விரிந்துகொண்டே வந்ததால், நாம் காணக்கூடிய பகுதியின் விளிம்பு இன்று எல்லாத் திசையிலும் ஏறத்தாழ 4,650 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அங்கே சுவர் எதுவும் இல்லை. நம் பார்வை அங்கே நின்றுபோகிறது, அவ்வளவே. அதற்கு அப்பாலும் வெளி தொடர்கிறது என்பதில் அண்டவியலாளர்களுக்குப் பெரிய சந்தேகம் இல்லை. பெருவெடிப்பின் எச்சக் கதிர்வீச்சை அளந்த பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகளை மற்ற அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்தால், வெளியின் வளைவு பிழை எல்லைக்குள் சுழியமாகவே வருகிறது. வளைவில்லாத வெளி முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகலாம்.

அப்படி முடிவில்லாமல் நீண்டால் ஒரு விசித்திரம் பின்தொடர்கிறது. குறிப்பிட்ட கனஅளவுக்குள் குறிப்பிட்ட ஆற்றலை வைத்துக்கொண்டு துகள்களை அடுக்கும் விதங்கள் எண்ணிக்கையில் அடங்கும். மிகப் பெரிய எண்தான், ஆனாலும் முடிவுள்ள எண். வெளி முடிவில்லாதது, அமைப்புகள் முடிவுள்ளவை என்றால், எங்கோ ஒரு மூலையில் இதே அமைப்பு மீண்டும் வந்தாக வேண்டும். உங்களை அணு பிசகாமல் ஒத்த ஒருவர் எவ்வளவு தொலைவில் இருப்பார் என்று அண்டவியலாளர் மாக்ஸ் டெக்மார்க் 2003-இல் ஒரு தோராயக் கணக்குப் போட்டார். அந்தத் தொலைவை மீட்டரில் எழுதினால் 1-க்குப் பின்னால் போட வேண்டிய சுழியங்களின் எண்ணிக்கையே கிட்டத்தட்ட 30 இலக்க எண்.

‘முடிவிலி’ என்ற இடத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. எந்த அளவீடும் வெளி முடிவில்லாதது என்று நிரூபிக்க முடியாது. வளைவே இல்லாமலும் வெளி தன்னோடு தானே இணைந்து, முடிவுள்ளதாக இருக்கலாம். கணிதம் அதை அனுமதிக்கிறது. ஆகவே விளிம்புக்கு அப்பால் இன்னும் விண்மீன் மண்டலங்கள் இருக்கின்றன என்பதைத் துணிந்து ஏற்கலாம். அங்கே உங்கள் நகல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அதே துணிச்சலோடு ஏற்க முடியாது.

என் பார்வையில் இந்த விஷயத்திலேயே கனமான கருத்து குவாண்டம் இயற்பியலிலிருந்து வருவது. அதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு பிளவுகள் உள்ள தடுப்பை நோக்கி எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்புகிறோம். ஒவ்வொரு எலக்ட்ரானும் ஏதோ ஒரு பிளவு வழியாகத்தான் போனது என்று கணக்குப் போட்டால், பின்னால் உள்ள திரையில் சேரும் கோலம் தவறாக வருகிறது. இரண்டு வழிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் பொருந்துகிறது. மேற்பொருந்திய இந்த நிலையை விவரிப்பது அலைச்சார்பு. அது நேரத்தோடு எப்படி மாறும் என்று சொல்வது ஷ்ரோடிங்கர் 1926-இல் எழுதிய சமன்பாடு. அந்தச் சமன்பாட்டில் தற்செயல் என்ற பேச்சே கிடையாது. இன்றைய நிலை தெரிந்தால் நாளைய நிலை முழுதும் முடிவாகிவிடும்.

சிக்கல் அளக்கும்போது வருகிறது. எந்தப் பிளவு என்று கருவி வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு விடைதான் கிடைக்கிறது. அதனால் பாடநூல்களில் இரண்டாவது விதி ஒன்றும் இருக்கிறது: அளக்கும் கணத்தில் அலைச்சார்பு சரிந்து ஒரே விடையாகிவிடும், எந்த விடை என்பதற்கு நிகழ்தகவு மட்டுமே சொல்ல முடியும். ஜான் ஃபான் நாய்மன் 1932-இல் இதை முறையான விதியாகவே எழுதிவைத்தார். நடைமுறையில் இது பிரமாதமாக வேலை செய்கிறது. ஆனால் அளவீடு என்றால் என்ன? கருவியும் அணுக்களால் ஆனதுதானே? அணுவுக்கு ஒரு சமன்பாடு, அணுக்களால் ஆன கருவிக்கு வேறொரு விதி என்றால் கோட்டை எங்கே போடுவது? விதியில் இதற்குப் பதில் இல்லை.

பிரின்ஸ்டனில் ஜான் வீலரிடம் ஆய்வு செய்துவந்த ஹியூ எவரெட் என்ற இளைஞர், 1957-இல் வெளியான தன் முனைவர் பட்ட ஆய்வில் அந்த இரண்டாவது விதியையே எடுத்துவிட்டார். அணு, கருவி, பார்க்கும் மனிதர், மொத்தப் பிரபஞ்சம் எல்லாவற்றுக்கும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு ஒன்றே பொருந்தட்டும் என்று விட்டார். அப்படி விட்டால் என்ன நடக்கிறது? எலக்ட்ரான் இடப்பக்கம் போனது, கருவி ‘இடம்’ என்று காட்டியது, நீங்கள் ‘இடம்’ என்று படித்தீர்கள் என்று ஒரு கிளை. எலக்ட்ரான் வலப்பக்கம் போனது, கருவி ‘வலம்’ என்று காட்டியது, நீங்கள் ‘வலம்’ என்று படித்தீர்கள் என்று இன்னொரு கிளை. இரண்டும் ஒரே அலைச்சார்புக்குள் இருக்கின்றன. இரண்டிலும் உள்ள ‘நீங்கள்’ ஒரே ஒரு விடையைத்தான் பார்க்கிறீர்கள். சரிவு நடந்ததுபோல் தோன்றும். உண்மையில் எதுவும் சரியவில்லை.

சரி, அந்த இன்னொரு கிளையை நாம் ஏன் உணர்வதே இல்லை? இதற்கான விடையை 1970-இல் டீட்டர் ட்சே என்ற ஜெர்மானியரும், 1980-களில் வோய்ச்செக் சூரெக்கும் வளர்த்தெடுத்தார்கள். டிகோஹெரன்ஸ் என்று பெயர். ஒரு பொருள் தனித்து இருக்கும்வரைதான் அதன் இரு நிலைகளும் ஒன்றோடொன்று குறுக்கிட முடியும். காற்று மூலக்கூறு ஒன்று மோதினால், ஒளித்துகள் ஒன்று பட்டுத் தெறித்தால், ‘எங்கே இருந்தது’ என்ற செய்தி சுற்றுப்புறத்தில் பரவிவிடுகிறது. அதற்குப் பிறகு இரு கிளைகளும் ஒன்றையொன்று பாதிப்பது நடைமுறையில் நின்றுபோகிறது. கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்கு இது நொடியின் நினைத்துப்பார்க்க முடியாத சிறு பின்னத்தில் நடந்துவிடுகிறது. ஒரு தூசித் துகளைக் காற்றில்லாத விண்வெளியில் விட்டாலும் தப்பாது. பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சே அந்த வேலையைச் செய்துவிடும்.

எவரெட்டுக்கு அவர் காலத்தில் நியாயம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். 1959-இல் கோபன்ஹேகன் போய், குவாண்டம் இயற்பியலின் முன்னோடியான நீல்ஸ் போரைச் சந்தித்தும் பயனில்லை. அதற்கு முன்பே அவர் கல்வித்துறையை விட்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு வேலைக்குப் போய்விட்டார். பிரைஸ் டிவிட் 1970-இல் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்தக் கருத்தைப் பலரிடம் கொண்டுசேர்த்தது. எவரெட் 1982-இல், 51 வயதில் இறந்தார்.

இந்தக் கருத்தைச் சுற்றி இரண்டு தவறான எண்ணங்கள் பரவியிருக்கின்றன. நாம் ஒவ்வொரு முடிவு எடுக்கும்போதும் உலகம் பிரிகிறது என்பது ஒன்று. கிளைகள் பிரிவது குவாண்டம் நிகழ்வுகளால். ஓர் அணு சிதைந்ததா இல்லையா என்பது போன்றவற்றால். நீங்கள் யோசித்து எடுக்கும் முடிவுக்கு அங்கே தனிச் சலுகை கிடையாது. நினைத்ததெல்லாம் எங்கோ நடக்கிறது என்பது மற்றொன்று. எல்லாக் கிளைகளிலும் அதே இயற்பியல் விதிகள்தான். மின்னூட்டம் மாறாது என்ற விதியை மீறும் கிளை எதுவும் இல்லை. நடக்க முடிந்தவை நடக்கின்றன. முடியாதவை எந்தக் கிளையிலும் நடப்பதில்லை.

‘இவ்வளவு உலகங்களுக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது’ என்ற கேள்வி எதிர்ப்பாகச் சொல்லப்படுவதுண்டு. அது அவ்வளவு பலமான எதிர்ப்பு அல்ல. ஒவ்வொரு கிளைக்கும் அலைச்சார்பில் ஓர் எடை உண்டு. கிளை பிரியும்போது எடையும் பிரிகிறது. எடையோடு சேர்த்துக் கூட்டினால் மொத்தக் கணக்கு அப்படியே நிற்கிறது.

உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு விடைக்கு 90 விழுக்காடு, இன்னொன்றுக்கு 10 விழுக்காடு வாய்ப்பு என்று குவாண்டம் கணக்கு சொல்கிறது. சோதனையும் அதையே காட்டுகிறது. இரண்டு விடைகளும் நிச்சயம் நடக்கின்றன என்றால் அந்த 90-க்கு என்ன பொருள்? மாக்ஸ் போர்ன் 1926-இல் தந்த நிகழ்தகவு விதியை எவரெட்டின் உலகில் கையால் செருகக் கூடாது, தானாக வர வேண்டும். டேவிட் டாய்ச் 1999-இல் முடிவெடுத்தல் கோட்பாட்டைக் கொண்டு அதை வருவித்துக் காட்ட முயன்றார். டேவிட் வாலஸ் அதை மேலும் செம்மைப்படுத்தினார். அந்த நிரூபணம் அழகானது. ஆனால் அறிவுள்ள ஒருவர் எப்படிப் பந்தயம் கட்ட வேண்டும் என்பதிலிருந்து இயற்கை எப்படி நடக்கிறது என்பதற்குத் தாவும் இடத்தில் எனக்கு முழு நிறைவு இல்லை. எவரெட்டின் பக்கம் சாயும் நான் இதில்தான் தயங்கி நிற்கிறேன்.

போக முடியாது என்று ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்? ஷ்ரோடிங்கர் சமன்பாடு நேரியல் தன்மை கொண்டது. அதாவது ஒவ்வொரு கிளையும் மற்றது இல்லாததுபோலவே தன் வழியில் போகும். 1989-இல் ஸ்டீவன் வைன்பெர்க், சமன்பாட்டில் நேரியல் அல்லாத ஒரு சிறு உறுப்பு இருந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார். 1991-இல் ஜோசப் போல்சின்ஸ்கி அந்த வழியைத் தொடர்ந்து, ஒளியை மிஞ்சி வேகமாகச் செய்தி அனுப்ப முடியாதபடி அந்தக் கோட்பாட்டைக் கட்டுப்படுத்தினால் கிளைகளுக்கு இடையே செய்தி அனுப்ப முடிந்துவிடும் என்று காட்டினார். அந்த வசதிக்கு ‘எவரெட் தொலைபேசி’ என்றே பெயரிட்டார். ஆனால் அப்படி ஓர் உறுப்பு இயற்கையில் இருக்கிறதா? பெரிலியம் அயனிகளை வைத்து 1989-லேயே மிக நுட்பமான சோதனை செய்து பார்த்தார்கள். அது இருப்பதற்கான அறிகுறி இல்லை.

இதைச் சோதிக்கவே முடியாது என்ற பேச்சும் முழு உண்மை அல்ல. சரிவு என்பது உண்மையான இயற்பியல் நிகழ்வு என்று சொல்லும் போட்டிக் கோட்பாடுகள் உண்டு. கிரார்டி, ரிமினி, வெபர் மூவரும் 1986-இல் தந்தது ஒன்று. ஈர்ப்புவிசையால் சரிவு நடக்கிறது என்ற ரோஜர் பென்ரோஸின் கருத்து இன்னொன்று. பொருள் பெரிதாகப் பெரிதாக மேற்பொருந்திய நிலை தானாகவே உடைய வேண்டும் என்று இவை சொல்கின்றன. அதை ஆய்வகத்தில் பார்க்கலாம். வியன்னாவில் 2019-இல் ஏறத்தாழ 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை வைத்துச் சோதித்தபோதும், இரண்டு பிளவுச் சோதனையில் வருவதுபோன்ற குறுக்கீட்டுக் கோலம் அப்படியே வந்தது. ஈர்ப்பால் சரிவு நடந்தால் மெல்லிய கதிர்வீச்சு வெளிவர வேண்டும். இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வகத்தில் அதைத் தேடியவர்கள் எதிர்பார்த்தது கிடைக்காமல், அந்தக் கருத்தின் எளிய வடிவத்தை 2020-இல் விலக்கினார்கள். இதனால் எவரெட் சரி என்று ஆகிவிடாது. டேவிட் போம் 1952-இல் தந்த வழிகாட்டும் அலைக் கோட்பாடு போல, சரிவும் இல்லாமல் பல உலகங்களும் இல்லாமல் அதே விடைகளைத் தரும் வழிகளும் இருக்கின்றன.

அப்புறம் அண்டவியலின் பக்கம். பெருவெடிப்பின் தொடக்கத்தில் வெளி மிகக் குறுகிய நேரத்துக்கு அசுர வேகத்தில் விரிந்தது என்று 1981-இல் ஆலன் கூத் எழுதினார். பிரபஞ்சம் ஏன் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கிறது, ஏன் இவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பதை விளக்கவே இந்தப் பெருவீக்கக் கருத்து வந்தது. சில ஆண்டுகளிலேயே விலென்கின், லிண்டே போன்றவர்கள் இதில் ஒன்றைக் கவனித்தார்கள்: பெருவீக்கம் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் நிற்பதில்லை. ஒரு பகுதியில் நிற்கும்போது மற்றப் பகுதிகள் தொடர்ந்து வீங்குகின்றன. கொதிக்கும் நீரில் குமிழிகள் தோன்றுவதுபோல், நின்ற ஒவ்வொரு பகுதியும் ஒரு தனிப் பிரபஞ்சம். இங்கே நீர் குமிழிகளைவிட வேகமாகப் பெருகுவதால் கொதிப்பு ஓய்வதே இல்லை. துகள்களை அதிரும் நுண் இழைகளாகப் பார்க்கும் இழைக் கோட்பாட்டையும் இதோடு சேர்த்தால், ஒவ்வொரு குமிழியிலும் வெற்றிட ஆற்றலும் (வெறும் வெளியிலேயே அடங்கியிருக்கும் ஆற்றல்) துகள்களின் பண்புகளும் வேறுவேறாக இருக்கலாம். சாத்தியமான வெற்றிட நிலைகள் 1-க்குப் பின்னால் 500 சுழியங்கள் என்ற அளவில் இருக்கும் என்பது அடிக்கடி சொல்லப்படும் மதிப்பு.

இந்தப் படத்துக்குச் சாதகமாக ஒரு வலுவான நிகழ்வு உண்டு. வெற்றிட ஆற்றலை எளிய முறையில் கணக்கிட்டால், நாம் காண்பதைவிட 1-க்குப் பின்னால் 120 சுழியங்கள் அளவு மடங்கு பெரிதாக வருகிறது. பல பிரபஞ்சங்களில் அது பல மதிப்புகளில் இருந்தால், விண்மீன் மண்டலங்கள் உருவாக முடிகிற அளவுக்குச் சிறிதாக உள்ள இடத்தில்தான் அளந்துபார்க்க ஆட்கள் இருப்பார்கள். இந்த வாதத்தைக் கொண்டு வைன்பெர்க் 1987-இல் அதற்கு ஓர் உச்ச வரம்பு சொன்னார். அது முழுச் சுழியமாக இருக்க வேண்டிய காரணம் இல்லை என்றும் காட்டினார். 1998-இல் பிரபஞ்ச விரிவு வேகமெடுப்பதைக் கண்டுபிடித்தபோது, அதிலிருந்து வெற்றிட ஆற்றலுக்குக் கிடைத்த மதிப்பு சுழியம் அல்ல, அந்த வரம்புக்கும் உட்பட்டது. பல பிரபஞ்சக் கருத்து ஒரு கணிப்பில் தேறியதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தாய்க்கோட்பாடு என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெருவீக்கத்துக்கு நல்ல மறைமுக ஆதரவு இருக்கிறது. ஆனால் அது வெளியில் எழுப்பியிருக்க வேண்டிய அதிர்வுகளின், அதாவது ஈர்ப்பு அலைகளின், தடம் இன்னும் சிக்கவில்லை. 2014 மார்ச்சில் தென்துருவத்தில் உள்ள பைசெப்-2 தொலைநோக்கி அதைக் கண்டதாக அறிவித்தது. அது பெரும்பாலும் நம் விண்மீன் மண்டலத்துத் தூசியின் வேலை என்று அடுத்த ஆண்டே தெரிந்தது. பெருவீக்கக் கோட்பாட்டை வளர்த்தவர்களில் ஒருவரான பால் ஸ்டைன்ஹார்ட்டே பின்னாளில் அதைக் கடுமையாக விமர்சிப்பவராக மாறினார்: எல்லாமே எங்கோ நடக்கும் என்றால் கோட்பாடு எதையும் கணிக்கவில்லை என்பது அவர் வாதம். முடிவில்லாத குமிழிகளில் எது அதிகம், எது குறைவு என்று எண்ணவே ஒப்புக்கொண்ட முறை இல்லை. இது உண்மையிலேயே ஆழமான ஓட்டை. வேறொரு குமிழி நம்முடையதோடு மோதியிருந்தால் பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைப் பின்னணியில் வட்ட வடிவத் தழும்பு இருக்கலாம் என்று, அதை அளந்த டபிள்யூமேப் விண்கலத்தின் தரவுகளில் தேடி 2011-இல் முடிவு வெளியிட்டார்கள். தெளிவான தழும்பு எதுவும் இல்லை.

கூடுதல் பரிமாணத்தில் நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு உலகப் படலம் மிதக்கலாம் என்ற கருத்தும் 1990-களின் இறுதியில் பேசப்பட்டது. அப்படியானால் மிகக் குறுகிய தொலைவில் ஈர்ப்புவிசை நியூட்டனின் விதியிலிருந்து விலகலாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் முறுக்குத் தராசுச் சோதனை 2020-இல் 52 மைக்ரோமீட்டர் தொலைவு வரை பார்த்தது, விலகல் இல்லை.

செய்திகளில் வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘கண்டுபிடித்துவிட்டார்களே’ என்று பலர் நம்புவது அதனால்தான். அண்டார்க்டிகாவின் மேல் பறந்த அனிட்டா பலூன் கருவி, தரையிலிருந்து மேல்நோக்கி வருவதுபோன்ற விளங்காத சில சமிக்ஞைகளைப் பதிவு செய்திருந்தது. காலம் பின்னோக்கி ஓடும் இணைப் பிரபஞ்சத்துக்குச் சான்று கிடைத்துவிட்டது என்று 2020 மே மாதத்தில் அது செய்தியாகிவிட்டது. ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவே இல்லை. தனித்த நியூட்ரானின் சராசரி ஆயுளை இரண்டு முறைகளில் அளந்தால் 9 நொடி அளவுக்கு வேறுபாடு வருகிறது. அதற்குக் காரணம், நியூட்ரான்கள் நம் துகள்களின் கண்ணுக்குப் புலப்படாத பிரதிகள் நிறைந்த ‘ஆடி உலக’ நியூட்ரான்களாக மாறுவதுதானோ என்று ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் தேடினார்கள். அதுவும் இணைப் பிரபஞ்சத்துக்கான கதவு என்று செய்தியானது. 2022-இல் வந்த முடிவு: அப்படி மாறுவதற்கான அறிகுறி இல்லை. 2024 டிசம்பரில் கூகுள் தன் வில்லோ குவாண்டம் சில்லை அறிவித்தபோது, குவாண்டம் கணிப்பு பல இணைப் பிரபஞ்சங்களில் நடக்கிறது என்ற கருத்துக்கு அது வலுச் சேர்ப்பதாக அந்த நிறுவனத்தின் குவாண்டம் பிரிவுத் தலைவரே எழுதினார். அந்தச் சில்லு எப்படி வேலை செய்யும் என்பதை எவரெட்டின் விளக்கமும் சரிவு விளக்கமும் போமின் விளக்கமும் ஒன்றுபோலவே கணிக்கின்றன. அது வேலை செய்வதால் எதற்கும் தனி ஆதாயம் இல்லை.

பார்க்கவே முடியாததைப் பேசுவது அறிவியலா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஜார்ஜ் எல்லிஸும் ஜோ சில்க்கும் 2014-இல் நேச்சர் இதழில், சோதிக்க முடியாத கோட்பாடுகளுக்கு விதிவிலக்குக் கேட்பது இயற்பியலின் நம்பகத்தன்மையையே கெடுக்கும் என்று எச்சரித்தார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது, பெருமளவு ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கருந்துளையின் உள்ளே நடப்பதை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. பொதுச் சார்பியல் மற்ற எல்லா இடங்களிலும் தேறியிருப்பதால் அது உள்ளே பற்றிச் சொல்வதையும் ஓரளவு நம்புகிறோம். இணைப் பிரபஞ்சங்களையும் அதே அளவுகோலால் அளக்கலாம். அந்த அளவுகோலில் எவரெட்டின் கிளைகள் முன்னால் நிற்கின்றன, ஏனென்றால் அவற்றின் தாய்க்கோட்பாடு ஒரு நூற்றாண்டாக ஒரு சோதனையிலும் தோற்கவில்லை. குமிழிப் பிரபஞ்சங்கள் வெகு பின்னால் நிற்கின்றன. இனி எடை கூடிய துகள்களை வைத்துச் செய்யும் சோதனைகளில், சுற்றுப்புறத்தின் மீது பழிபோட முடியாத நிலையில் குறுக்கீட்டுக் கோலம் மறைந்துபோனால், எவரெட்டின் விளக்கத்தைக் கைவிட வேண்டியதுதான். பெருவீக்கத்தின் ஈர்ப்பு அலைத் தடம் கிடைத்தால் பெருவீக்கம் வலுப்பெறும். அது ஓயாமல் தொடர்கிறதா என்ற கேள்வி அப்போதும் தனியாகவே நிற்கும்.